கைக்கு வந்த பணத்தில் ஜெனியின் பங்கு

இன்று சாயங்காலம் அல்சூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பேக்கரியிலிருந்து தில்பசந்த் வாசனை அடித்தது. தேங்காயும் சர்க்கரையும் மாவுக்குள் ஒன்றாக வேகும் அந்தச் சூடான வாசனை. கால் தானாக நின்றது. ஒன்று வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, நடைபாதையிலேயே உங்களோடு பேச ஆரம்பித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா நான் போனில் பேசுவதாக நினைத்திருப்பார். நல்ல காலம், இப்போதெல்லாம் தனியாகப் பேசுகிறவர்களை யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை.

நம்மை என்ன உறவென்று சொல்வது? தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே லைனில் பிறந்தோம். பெங்களூருக்கு வேலைக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டோம். இருவருக்கும் பெரிய குரல்; ஒரே வீட்டுக்குள் இரண்டும் அடங்கவில்லை. மகள் ஜெனி பள்ளிக்கூடம் போகத் தொடங்குவதற்கு முன்பே விவாகரத்து ஆகிவிட்டது. அவளும் நானும் ஒக்கலிபுரத்தில், நீங்கள் அல்சூரில். அதற்குப் பிறகுதான் என்னை "மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. போகப்போகச் சிரிப்பு வந்தது. சம்பளம் வந்ததும் ஜெனிக்கான ஜீவனாம்சத்தை மட்டும் தவறாமல் கொடுத்துவிடுவீர்கள்.

லிஃப்ட் மாட்டும் வேலை உங்களுக்கு. ஒரு நாள் லிஃப்ட் குழிக்குள் விழுந்தீர்கள். உயிர் பிழைத்தது, வலது கை பிழைக்கவில்லை. வேலை போயிற்று. ஜெனிக்கு வந்துகொண்டிருந்ததும் நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக் கிடந்தவரிடம் போய் அதை எப்படிக் கேட்பது?

பிறகு உங்கள் நண்பர் ஒருவர் சொன்னார், நீங்கள் சொந்தமாகக் கட்டிவந்த பாலிசியிலிருந்து மாதாமாதம் பணம் வருகிறதென்று. உடம்பு முடியாமல் வேலை போனால் பணம் தரும் தனியார் இன்சூரன்ஸ். சுரங்கம் மூடியபோது உங்கள் அப்பா வெறுங்கையோடு வீட்டுக்கு வந்ததைப் பார்த்தவர் நீங்கள். அந்தப் பயத்தில் எடுத்த பாலிசி. எனக்கோ கார்மென்ட்ஸில் வாங்கும் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாக இருந்தது. ஜெனியின் ஸ்கூல் ஃபீஸ் நின்றுபோயிருந்தது. கோர்ட்டில் மனு போட்டேன்.

உங்கள் வக்கீல் எழுந்து, இது உழைத்துச் சம்பாதித்த வருமானமே இல்லை, இழந்த கைக்கு வந்த ஈடு, குழந்தையின் ஜீவனாம்சத்துக்கு இதைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றார். என் வக்கீல், சம்பளம் நின்றதால்தான் இது வருகிறது, சம்பளத்தின் இடத்தில் வருவது வருமானம்தான் என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இரண்டுமே நியாயமாகப் பட்டது.

மத்தியான இடைவேளையில் வெளியே வந்தால், வராந்தா பெஞ்சில் நீங்கள். நகர்ந்து இடம் கொடுத்தீர்கள்.

"உக்காருங்க மேடம். ஜெனி எப்படி இருக்கா?"

"இருக்கா. ஃபீஸ் கட்டலன்னு கிளாஸ்ல எழுப்பி நிக்க வெச்சாங்களாம்."

உங்கள் முகம் மாறியது. "என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படி சொல்றது? பெட்ல கிடந்தீங்க. அப்புறம் வக்கீல வெச்சுத்தான பேசுனீங்க."

"பயம்மா எனக்கு. இதுவும் ஒருநாள் நின்னுபோச்சுன்னா யார்கிட்ட போய் கை நீட்டுறது? நீட்டுறதுக்கும் ஒண்ணுதான் பாக்கி இருக்கு."

சொல்லிவிட்டு நீங்களே சிரித்தீர்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. நம் இருவர் குரலும் சேர்ந்து எழுந்ததில் தூரத்தில் நின்ற போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். ஜீவனாம்ச கேசுக்கு வந்தவர்கள் அங்கே அப்படிச் சிரித்து அவர் பார்த்திருக்க மாட்டார்.

"வைத்தியத்துக்கு ஆகுறதுல நான் கேக்க மாட்டேன்," என்றேன். "அது உங்க கைக்கு வந்தது."

"சரி, மிச்சம்? கை நல்லா இருந்தப்ப அது யாருக்காக ஓடுச்சு?"

உங்களையே கேட்டுக்கொள்வதுபோல் கேட்டீர்கள்.

மறுபடி கேஸ் எடுத்ததும், உங்கள் வக்கீல் வாய் திறப்பதற்குள் நீங்கள் எழுந்துவிட்டீர்கள். "மேடம், சேரிஸ்பிடி," என்றீர்கள் கன்னடத்தில். கணக்கில் சேர்த்துவிடுங்கள் என்று. எந்த மேடத்திடம் சொல்கிறீர்கள் என்று ஒரு கணம் நானே குழம்பினேன். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். வக்கீல் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார். நீங்கள் உட்காரவில்லை. "சம்பளம் போன இடத்துல வர்றது மேடம் இது. சம்பளத்துல என் பொண்ணுக்குப் பங்கு இருந்துச்சுல்ல, இதுலயும் இருக்கு," என்று அதையும் கன்னடத்திலேயே சொல்லி முடித்தீர்கள்.

நீதிபதி அவசரப்படவில்லை. மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் எவ்வளவு ஆகிறது என்று உங்களிடமே பொறுமையாகக் கேட்டார். அதை ஒதுக்கிவிட்டு, மீதியை வருமானமாக எடுத்துக்கொண்டு ஜெனியின் பங்கை முடிவு செய்தார். முன்பு வந்ததைவிடக் குறைவுதான். போதுமானதாக இருந்தது. அந்த வாரமே ஃபீஸ் கட்டினேன்.

ஆனால் எங்களுக்குக் கிடைத்தது அது மட்டுமா? அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயிலில் ஆராதனை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். இடது கையால் நீங்கள் வெட்டும் தில்பசந்தில் பெரிய துண்டு எப்போதும் ஜெனிக்கே போகும். "கை பழகலம்மா" என்று சாக்குச் சொல்வீர்கள். ஒருமுறை அல்சூர் ஏரியில் மிதிபடகு எடுத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "கைதான போச்சு, காலு ரெண்டும் சும்மாத்தான இருக்கு!" என்று மிதித்த மிதியில் படகு நடு ஏரியில் வட்டமடித்தது. பக்கத்தில் உட்கார்ந்து படகைத் திருப்ப வேண்டிய ஜெனி சிரித்துச் சிரித்துத் திருப்பவே இல்லை. நான் கரையில் நின்று கத்தினேன். நீங்கள் அங்கிருந்து, "மேடம், ஆர்டர் போடாதீங்க!" என்று பதிலுக்குக் கத்தினீர்கள்.

போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். அடக்கத்துக்கு வந்த உங்கள் நண்பர்கள், நீங்கள் சொன்ன ஜோக்குகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, பாஸ்டரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அழுதுகொண்டிருந்த ஜெனியும் சிரித்துவிட்டாள். அவளுக்கு உங்கள் குரல். இப்போது வேலைக்குப் போகிறாள்; ஆபீஸில் அவள் சிரித்தால் அடுத்த மாடிக்குக் கேட்குமாம்.

நீங்கள் வரும் நாட்களில் உங்களுக்குத் திறக்கக் கஷ்டமாக இருக்கக்கூடாது என்று வீட்டில் எல்லா டப்பா, பாட்டில் மூடிகளையும் லேசாகத்தான் வைப்பேன். உங்களிடம் சொன்னதில்லை. அதுவே பழக்கமாகிவிட்டது. போன வாரம் ஜெனியின் சாப்பாட்டுப் பைக்குள் ஊறுகாய் பாட்டில் கவிழ்ந்து, அவள் புதுத் துப்பட்டாவெல்லாம் எண்ணெய். "ஏம்மா, ஒரு மூடியை ஒழுங்கா மூடத் தெரியாதா உனக்கு?" என்று தெருவே கேட்கக் கத்தினாள். இனிமேல் இறுக்கி மூடுகிறேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

இன்று காலையும் அவள் பாட்டிலை லேசாகத்தான் மூடிக் கொடுத்தேன்.