முகட்டுப் பாதையின் வழிகாட்டி

ஜூன் 2, ஞாயிறு

இரண்டு காலையும் வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டு எழுதுகிறேன். இன்று முகட்டுப் பாதை. காலையில் ஏறி, உச்சியில் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் இறங்கியாகிவிட்டது. பல் டாக்டரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். புதிதாக இரண்டு கல்லூரிப் பெண்கள். அப்புறம் நம்ம 'அவசரம்'. தபால் ஆபீசில் அந்த மனிதருக்கு வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கிற வேலை. அந்த வெறுப்போ என்னவோ, மலைக்கு வந்தால் யாருக்கும் பின்னால் நிற்கமாட்டார்.

செக்போஸ்ட் வாசலில் என் வீட்டுக்காரர் வழக்கமான பாடத்தை ஒப்பித்தார். "தண்ணி, மழைக்கோட்டு, விசில். மூணும் இருந்தாத்தான் என்கூட வரலாம். வழி தப்பிடுச்சுன்னு தோணினா நடக்காதீங்க, அங்கேயே உக்காருங்க. தேடி வர்றது எங்க பாடு." மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தபோது உயர்மின் கோபுரங்களுக்காக இந்த மலைகளில் ஏறாத இடமில்லை. ஓய்வு பெற்ற பிறகு தேசியப் பூங்காக்காரர்கள் 'வழிகாட்டி' என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது. ஆனால் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் மனிதர் ஒரு சுற்றுப் பெருத்துவிடுவார்.

மூங்கில் புதரை ஒட்டிப் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டார்.

"என்ன, வழி மறந்துபோச்சா?" என்றேன்.

"ஏன், மனுஷன் நின்னு மூச்சு விடக் கூடாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஜூன் 12, புதன்

நான் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று நிற்க நேரமில்லை. ஒரு பெரியவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருக்கும்போது இவர் போன் செய்து, கேஸ் சிலிண்டருக்குச் சொல்லியாச்சா என்றார். சொல்லியாச்சு என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி போன். மறுபடி சிலிண்டர். விளையாடுகிறார் என்று நினைத்து வைத்துவிட்டேன்.

ஜூன் 22, சனி

நாளைய நடைக்கு இவர் பையைத் தயார் செய்து கதவருகே வைத்திருந்தார். ஓரமாக நகர்த்தலாம் என்று தூக்கினேன். கனமே இல்லை. திறந்து பார்த்தால், தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் மூடியை இறுக்கித் திருகி, ஒழுங்காக அடுக்கி — உள்ளே ஒரு சொட்டு இல்லை.

தண்ணீர் கொண்டுவராதவர்களை வாசலிலிருந்தே திருப்பி அனுப்புகிற மனிதர்.

நானே நிரப்பி வைத்தேன். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

ஜூன் 23, ஞாயிறு

அதே மூங்கில் புதர். இன்று அவர் நிற்கக்கூட இல்லை. இடது பக்கம் திரும்பிக் கூட்டத்தோடு இறங்கத் தொடங்கிவிட்டார். அது பழைய விறகு வெட்டிகளின் தடம். கீழே போனால் நேரே பாறைச் சரிவில் முடியும். மழை பெய்தால் ஆடுகூடக் கால் வைக்காது. நான் எப்போதும் வரிசையின் கடைசியில் வருகிறவள். ஓடி முன்னால் போய் அவர் சட்டைக் கையைப் பிடித்தேன்.

"இங்க பூ பூத்திருக்குன்னு காட்டத்தானே திரும்பினீங்க? அது அடுத்த மாசம்தான் பூக்கும், வாங்க."

என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பயம் இருந்தது. "ஆமாமா," என்றார்.

அங்கிருந்து உச்சிவரைக்கும் நான் அவர் பக்கத்திலேயே நடந்தேன். திருப்பம் வரும்போதெல்லாம் முழங்கையால் லேசாக இடித்தேன். 'அவசரம்' பின்னாலிருந்து, "என்னக்கா, இந்த வயசுல கைகோத்துக்கிட்டு!" என்று கத்தினார். எல்லோருக்கும் ஒரே சிரிப்பு.

மகளுக்குப் போன் செய்தேன். "அப்பாவுக்கு வயசாச்சும்மா. நீயா எதையாவது கிளப்பிவிடாதே, சும்மா இரு," என்றாள். சரி, சும்மா இருக்கிறேன்.

ஜூலை 3, புதன்

எனக்குத் தலைச்சுற்றல் என்று பொய் சொல்லி இவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவரிடம் முன்பே பேசி வைத்திருந்தேன். பேச்சோடு பேச்சாக இவரை ஏதேதோ கேட்டார், சில வார்த்தைகளைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார், பிறகு ஸ்கேன் எடுக்கக் கீழே அனுப்பினார். முகட்டுப் பாதையை வாசலிலிருந்து உச்சிவரை ஒரு வளைவு விடாமல் சொல்லி டாக்டரையே வாயடைக்க வைத்தார் இவர். ஆனால் வந்தது பஸ்ஸிலா ஆட்டோவிலா என்பதைச் சொல்ல முடியவில்லை.

மறதி நோயின் ஆரம்பக்கட்டம் என்றார் டாக்டர். மெதுவாகத்தான் போகும், யார் கண்டது, என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "யார்கிட்டயும் மூச்சு விடாதே," என்றார்.

"விடமாட்டேன். ஆனா ஆளுங்களைக் கூட்டிட்டுப் போறதை நிறுத்திடுங்க."

"மலையில நான் நல்லாத்தான் இருக்கேன். வீட்டுலதான் எல்லாம் இடம் மாறிப்போகுது."

"அன்னைக்கு அந்தக் காலேஜ் பொண்ணுங்களைச் சரிவுல இறக்கப் பாத்தீங்க."

இறங்கும்போதுதான் சொன்னார்: "இந்த ஒரு சீசன். அதுக்கப்புறம் நீ சொல்றபடி."

ஜூலை 5, வெள்ளி

அடுத்த நடைக்கு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் வருகிறார்களாம். இவர் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அந்த மூங்கில் புதர்தான் ஞாபகம் வந்தது.

ஜூலை 6, சனி

போய்ச் சொல்லிவிட்டேன்.

பூங்கா ரேஞ்சர் அம்மாவின் அறையில் சுவர் முழுக்கப் பாதைகளின் வரைபடம். சிவப்பு, நீலம், மஞ்சள் கோடுகள். கதவருகே, அடிபட்டவர்களைக் கீழே தூக்கிவரும் தூக்குப் படுக்கை ஒன்று மடித்துச் சாத்தியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன். அவர் முதலில் இவரைப் புகழ்ந்தார். "உங்க வீட்டுக்காரர் மாதிரி நாலு பேர் இருந்தா எனக்கு பாதி வேலை மிச்சம்மா." அதைக் கேட்டதும் எழுந்து வந்துவிடலாமா என்று இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கண்முன் வந்து நின்றார்கள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"வயசு வரம்புன்னு ஏதாவது சொல்லி நிறுத்திடுங்களேன். அவர் மனசு ஒடிஞ்சிடும்," என்றேன்.

"பொய் சொல்ல மாட்டேம்மா. ஆனா யார் சொன்னாங்கன்னும் சொல்ல மாட்டேன்."

வெளியே வந்து பைப்பில் முகம் கழுவிக்கொண்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

ரேஞ்சர் அம்மா வீட்டுக்கே வந்தார். யூனிஃபார்மில் இல்லாமல் சாதாரணப் புடவையில் வந்தது எனக்குப் பிடித்திருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அட்டை கொஞ்ச நாள் எங்களிடம் இருக்கட்டும் என்று பதமாகத்தான் சொன்னார். இவர் எழுந்து உள்ளே போய் எடுத்து வந்து இரண்டு கையாலும் கொடுத்தார். "டீ சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் என் பக்கம் திரும்பினார்.

"நீதானே?"

"ஆமா."

"சரி."

அவ்வளவுதான். கத்தியிருக்கலாம். தட்டை வீசியிருக்கலாம். பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

ஜூலை 13, சனி

வேலைக்குக் கிளம்பும்போது, "போயிட்டு வரேன்" என்றேன். சுவரிடம் சொன்ன மாதிரி இருந்தது.

ஜூலை 16, செவ்வாய்

சமைத்தால் சாப்பிடுகிறார். கேட்டால் தலையாட்டுகிறார். என்னைப் பார்ப்பதில்லை. மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினால், கையைத் தொடாமல் நகத்தால் எடுத்துக்கொள்கிறார். இத்தனை கெட்டிக்காரத்தனம் இன்னும் மிச்சமிருக்கிறதே என்று ஒருபக்கம் சந்தோஷம்கூட — என்ன பெண் நான்.

ஜூலை 19, வெள்ளி

காணோம்.

சாயங்காலம் கடையிலிருந்து வந்தேன், வீடு திறந்து கிடந்தது. பூட்ஸ் இல்லை. மழைக்கோட்டு ஆணியில் அப்படியே தொங்குகிறது. செக்போஸ்டில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மின்கோபுரங்களுக்குக் கீழே போகிற பழைய தடத்தில் ஏறியதைப் பார்த்தாராம். "வேலைக்குப் போறேன்னு சொன்னாரும்மா. நான் விளையாட்டுக்குச் சொல்றார்னு நினைச்சேன்."

ரேஞ்சர் அம்மா ஆட்களை அனுப்பினார். மூடுபனி இறங்கிவிட்டது, எதிரில் நிற்பவர் முகமே தெரியவில்லை என்று திரும்பி வந்துவிட்டார்கள். நானும் போகிறேன் என்றேன். "உங்களையும் சேத்துத் தேட எனக்கு ஆள் இல்லம்மா," என்றார். அதட்டல்தான். ஆனால் தன் ஸ்வெட்டரைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார்.

ஜூலை 20, சனி

செக்போஸ்ட் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

விடியும்போதே எல்லோரும் வந்துவிட்டார்கள். பல் டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு வந்திருக்கிறார். 'அவசரம்' யாருக்கும் காத்திருக்காமல், "அக்கா, நான் மேல போறேன்," என்று ஏறியே விட்டார். பல் டாக்டர் மனைவி என்னோடு உட்கார்ந்திருந்தார். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "எங்களோடவே வந்துட்டிருந்திருந்தா, பாவம், இப்படித் தனியாப் போயிருக்க மாட்டார் இல்ல?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தெரியாமல் சொன்னார். ஆனால் மிச்ச டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டேன்.

அதைத்தான் நானும் காலையிலிருந்து என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாரோ பெற்ற பிள்ளைகளைக் காப்பாற்றினேன். சரி. இவரை? கூட்டத்தோடு போனால் சட்டைக் கையைப் பிடிக்க நான் இருந்தேன். கூட்டத்தை நான்தான் பிடுங்கினேன். சொல்லாமல் இருந்திருந்தால்? இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளோடு சரிவில் — இல்லை, தெரியவில்லை. எனக்கு ஒன்றும் தெரியலை. ஆண்டவா, ஆளைக் கொடுத்துடு. அப்புறம் என்னை என்ன வேணா பேசட்டும். பேசாமலேகூட இருக்கட்டும்.

மகள் கிளம்பிவிட்டாள். போனிலேயே அழுகை. "நீ எதுக்கும்மா போய்ச் சொன்னே? என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. சும்மா இருன்னு நீதானே சொன்னே."

ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் எடுத்துட்டு வா என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

உயிரோடு இருக்கிறார்.

நேற்று பொழுது சாயும் நேரத்தில் 'அவசரம்'தான் கண்டுபிடித்தார். பனிக்குள் எங்கிருந்தோ, "லைனை ஆஃப் பண்ணுங்கடா! ஆள் மேல இருக்கான், ஆஃப் பண்ணுங்கடா!" என்று ஒரு குரல். குரல் வந்த பக்கமாகப் போனால், கோபுரத்துக்குக் கீழே ஓடைப்பள்ளத்தில் கிடந்திருக்கிறார். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. நனைந்து, உதடெல்லாம் நீலம். 'அவசரத்'தைப் பார்த்ததும், "லேட்டா வர்றியே, சூப்பர்வைசர் வந்துட்டுப் போயிட்டார்," என்று திட்டினாராம்.

'அவசரம்' தன் சட்டையைக் கழற்றி அவருக்குப் போட்டு, தூக்குப் படுக்கை வரும்வரை கட்டிப்பிடித்துப் படுத்திருந்திருக்கிறார். இதை அவர் சொல்லவில்லை. ரேஞ்சர் அம்மா சொன்னார். ஒரு இடத்தில் சும்மா நிற்கத் தெரியாத மனிதர்.

ஆஸ்பத்திரியில் இவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபமாவது இருக்கிறதே என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இந்த ஆஸ்பத்திரிப் படுக்கை அவர் தலைக்குள் இருந்ததையெல்லாம் கலைத்துப்போட்டுவிட்டது. நர்ஸைக் கூப்பிட்டு ஏணி எங்கே என்று கேட்கிறார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். கட்டிலை முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டாகிவிட்டது. மகள் கட்டிலுக்குத் தடுப்பு மாட்டிவிட்டுப் போனாள். கடையில் எனக்குக் காலை வேளை மட்டும் வேலை என்று முதலாளி சம்மதித்தார். அந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

அக்டோபர் 14, திங்கள்

ரேஞ்சர் அம்மா வந்திருந்தார். மூங்கில் புதர்ப் பிரிவில் இடது பக்கத் தடத்தைக் கல் அடுக்கி அடைத்துவிட்டார்களாம். கிளம்பும்போது வாசலில் நின்று, "நீங்க செஞ்சது சரிதாம்மா," என்றார். சரி என்று எனக்கும் தெரிகிறது. தெரிந்து என்ன பண்ணுவது?

டிசம்பர் 1, ஞாயிறு

இன்று என்னை இரண்டு முறை அக்கா என்று கூப்பிட்டார். அவருடைய அக்கா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிறது.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தார். நாற்காலியில் உட்கார வைத்து, ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தேன். வாங்கித் தின்றார். மலைப்பக்கம் வெளிச்சமாக இருந்தது, கோபுரங்கள்கூடத் தெரிந்தன.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்டுக்காரி ஆபீஸ்ல போய் என்னைப் பத்திச் சொல்லிட்டா. அதான் என்னை யாரும் கூப்பிடறதில்ல."

அடுத்த ஆரஞ்சை எடுத்து உரிக்கத் தொடங்கினேன்.

"அவங்க மேல ரொம்பக் கோவமா?" என்று கேட்டேன்.

"இல்லாம? வந்ததும் நல்லா சத்தம் போடணும்னு காலையில இருந்து உக்காந்திருக்கேன்." தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். "பாருங்க, இவ்வளவு நேரமாச்சு, இன்னும் காணோம். இவ்வளவு நேரம் இருக்க மாட்டா. ஏதாவது ஆயிருக்குமோ?"

"ஒண்ணும் ஆயிருக்காது. வந்துடுவாங்க."

"வந்துடுவா இல்ல?"

"வந்துடுவாங்க."

அதைக் கேட்டு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். அப்புறம் கையில் மிச்சமிருந்த சுளைகளில் ஒன்றைப் பிய்த்து என் பக்கம் நீட்டினார்.

"உரிச்சு உரிச்சு எனக்கே கொடுக்கறீங்களே. நீங்களும் சாப்பிடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து என்னை 'நீ' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாத மனிதர்.

வாங்கிச் சாப்பிட்டேன்.