ஒரு மின்விசிறிக்கு மூன்றாண்டு: நான்காம் சாட்சி சொல்லாமல் விட்டது

அனுப்புநர்:
அரசுத் தரப்பு நான்காம் சாட்சி,
மின்சாதன விற்பனை மற்றும் பழுதுநீக்கும் கடை,
பெரிய பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்வரிசை.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
தண்டனை மறுஆய்வுக் குழு,
மத்தியச் சிறை வளாகம்.

பொருள்: கலவர வழக்கில் ஒரு மேசை மின்விசிறியை எடுத்ததற்காக மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்ற மருத்துவமனைச் சலவைத் தொழிலாளியின் தண்டனையைக் குறைக்கவும், என் சாட்சியத்தில் விடுபட்டதைப் பதிவு செய்யவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி வழக்கில் பொருளைப் பறிகொடுத்தவள் நான். தண்டிக்கப்பட்ட பெண் எனக்கு உறவுமல்ல, பழக்கமுமல்ல. இந்த மனுவை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. எழுத வேண்டாம் என்று கேட்டவர் ஒருவர் உண்டு; அவர் என் கணவர். தங்களிடம் வருவதற்கு முன் மூன்று இடங்களில் கால் கடுக்க நின்றுவிட்டேன். “முடிஞ்ச வழக்குக்கு இனிமே எதுக்கும்மா சாட்சி?” என்று காவல் நிலைய எழுத்தர் திருப்பி அனுப்பினார். “தண்டனை வாங்கினவங்கதான் மேல்முறையீடு போடணும். பறிகொடுத்தவங்க போடறதுக்குப் படிவமே கிடையாது” என்றார்கள் நீதிமன்ற அலுவலகத்தில். தங்கள் குழுவுக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சிறை வாசல் காவலர் சொன்னதால் எழுதுகிறேன்.

2. கலவரத்தை நான் இலேசாக எண்ணுகிறேன் என்று தாங்கள் கருதிவிடக் கூடாது. அன்று பிற்பகல் மூன்று மணி இருக்கும். கூட்டம் வரும் சத்தம் கேட்டு என் கணவர் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு கல் வந்து காட்சிக் கண்ணாடியில் விழுந்தது. அதில் அவருடைய வலது உள்ளங்கை கட்டை விரலின் அடியிலிருந்து கிழிந்தது. அவரை மாடிக்கு இழுத்துச் சென்று துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு சன்னலோரம் நின்றேன். கைக்குட்டையால் முகத்தை மூடிய ஐந்தாறு பேர் கடப்பாரையால் ஷட்டரை நெம்பித் திறந்தார்கள். கணவரின் கையில் பதினொரு தையல். மோட்டாருக்குக் கம்பி சுற்றுவதில் இந்த வட்டாரத்தில் பேர் வாங்கிய அந்தக் கை இன்று சட்டைப் பொத்தானைப் போடவே தடுமாறுகிறது.

3. அவர்கள் எடுத்தது பாதி, தெருவில் வீசியது பாதி. ஒரு மேசை மின்விசிறிப் பெட்டி நடுரோட்டில் உருண்டது. போகிற போக்கில் யாரோ அதை உதைக்க, நடைபாதையோரம் வந்து கிடந்தது. கூட்டம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. எதிரே பேருந்து நிறுத்தத்தில், மருத்துவமனைச் சலவைப் பிரிவின் நீல உடுப்போடு ஒரு பெண் நின்றிருந்தார். வண்டியே ஓடாத சாலையில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடந்து வந்தார். பெட்டியை எடுத்தார். திரும்பிப் போய், அதை மடியில் வைத்துக்கொண்டு அதே நிறுத்தத்தில் உட்கார்ந்தார். அன்று எந்தப் பேருந்தும் வரவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துக் காவல் வாகனம் வந்தபோது அந்தத் தெருவிலேயே இருந்த ஒரே ஆள் அவர்தான். பெருச்சாளிகள் போன வழியில் ஒரு சுண்டெலி அகப்பட்டது. அவர் என் கடையின் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை. இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

4. மறுநாள் காவல் நிலையத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “இது உங்க கடைப் பெட்டிதானே?” ஆமாம் என்றேன். எழுதி நீட்டிய தாளில், “கூட்டத்தோடு கடைக்குள் புகுந்து எடுத்துச் சென்றார்” என்று ஒரு வரி இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசைதான், அது பொய். படித்தேன், கையெழுத்திட்டேன். என் கணவர் வலி தாங்காமல் முனகிக்கொண்டிருந்த நேரம் அது. யாராவது ஒருத்தராவது அனுபவிக்கட்டும் என்று இருந்தது.

5. சிறப்பு நீதிமன்றத்தில் அன்று இருபத்தாறு பேர். ஒரு மின்விசிறிக்குக் கன்டன்சர் மாற்ற எனக்கு ஆகும் நேரம்கூட அவர் வழக்குக்கு ஆகவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டார். கலவர நேரத்தில் ஊசியை எடுத்தவரும் ஊரைக் கொளுத்தியவருக்குத் துணை போனவரே என்றும், மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்றும் கூறி, மூன்றாண்டு விதிக்கப்பட்டது. நீதிமன்றப் படிகளில் இறங்கும்போது என் மனம் குளிர்ந்திருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

6. இதே கடையில் அதற்கு முந்தைய ஆண்டு ஒருவர், பெரிய பையோடு வந்து, என்னைப் பேச்சில் மயக்கி, இரண்டு மிக்ஸிகளைத் திருடினார். பிடிபட்டார். பதினைந்து நாள் சிறை. இப்போதும் கடையைக் கடந்து போகும்போது, “நல்லாயிருக்கீங்களா அக்கா?” என்று விசாரிப்பார். போன மாதம் இஸ்திரிப் பெட்டியைப் பழுது பார்க்கவே கொண்டுவந்தார், பார்த்துக் கொடுத்தேன். சாதாரண நாளின் திருட்டும் கலவர நாளின் திருட்டும் ஒன்றல்ல என்பது எனக்குப் புரிகிறது. அன்று நடுங்கியவள் நான். ஆனால் என்னை நடுங்க வைத்தது கடப்பாரை. பேருந்துக்குக் காத்திருந்தவர் அல்ல. கடப்பாரை பிடித்தவர்களில் ஒருவரும் இன்றுவரை பிடிபடவில்லை. அவர்களுக்குரிய ஆண்டுகளையும் சேர்த்து இவர் தலையில் கட்டிவிட்டோமோ என்பதே என் ஐயம்.

7. தண்டனைக்குப் பின் இரண்டாம் மாதம் அவருடைய அக்கா கடைக்கு வந்தார். பேருந்துப் பணிமனையில் பெருக்கும் வேலை பார்ப்பவர். “உங்களத் திட்ட வரலம்மா. அவ எடுத்தது தப்புதான். கடைக்குள்ள போனாளா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க” என்றார். எனக்கு ஞாபகமில்லை என்று சொன்னேன். “சரிம்மா, ஞாபகம் வந்தா சொல்லுங்க” என்று அவர் போய்விட்டார். ஒரு திட்டு திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

8. ‘ஞாபகம் வந்தா’ என்ற அந்த வார்த்தை நான்கு மாதம் என்னைத் தின்றது. கடைசியில் மனு கொடுத்துச் சிறையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. யாரென்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். வெயில், தகர வீடு என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “தெரியலக்கா. எல்லாரும் எடுத்தாங்க. அது சும்மா கெடந்துச்சு. எடுத்தப்புறம் திரும்ப வைக்கவும் வெக்கமா இருந்துச்சு” என்றார். ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்றேன். “ஒத்துக்கிட்டா சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு பக்கத்துல நின்னவங்க சொன்னாங்க.” பிறகு அவரே தயங்கித் தயங்கிக் கேட்டார்: “பெட்டிக்குள்ள கலகலன்னு ஒரு சத்தம் கேட்டுச்சுக்கா. அது ஒடஞ்சிருந்துச்சா?” பெட்டி இன்னும் நீதிமன்றச் சாட்சிப் பொருள் அறையில் இருப்பதால் எனக்குத் தெரியாது என்றேன். என் தொழில் அனுபவத்தில், அப்படிச் சத்தம் வந்தால் இறக்கை உடைந்திருக்கும். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கேயும் அவர் துணி துவைக்கும் பிரிவில்தான் இருக்கிறார். வேலை பழகின வேலைதான் என்று என்னை அவர் ஆறுதல்படுத்தினார்.

9. வீட்டுக்கு வந்து மனு எழுதப் போவதைச் சொன்னபோது என் கணவர், “என் கை போனப்ப நமக்காக எவன் மனு எழுதினான்?” என்று கேட்டார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் எழுதி வைத்திருந்த தாளை வாங்கிப் படித்தார். அதில் நான்காம் பத்தி அப்போது இல்லை. சாட்சியம் தவறாக எழுதப்பட்டுவிட்டது என்று மட்டும், யாரோ எழுதியது போல, எழுதியிருந்தேன். “எழுதறதுன்னா முழுசா எழுது. இப்பவும் பாதி சொன்னா அப்ப சொன்ன மாதிரிதான்” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். அதனால்தான் அந்தப் பத்தி இருக்கிறது.

10. ஆகவே, கடைக்குள் அவர் நுழையவில்லை என்ற என் வாக்குமூலத்தைப் பதிவு செய்யவும், ஏழு மாதங்களுக்கு மேலாக அவர் அனுபவித்துவிட்ட சிறையையே போதுமான தண்டனையாகக் கருதி விடுவிக்கப் பரிந்துரைக்கவும் வேண்டுகிறேன். வரும் இருபதாம் தேதி அவரைப் பதினொரு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள வேறு சிறைக்கு மாற்றப்போவதாக அறிகிறேன். அவருடைய அக்காவுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுப்பு. அங்கே போய்த் திரும்ப அது போதாது. தங்கள் முடிவு தெரியும்வரை அந்த மாற்றத்தையாவது நிறுத்தி வைக்கப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

11. தெரிந்தே தவறான வாக்குமூலத்தில் கையெழுத்திட்டது குற்றம் என்பதை அறிவேன். இந்த மனுவே அதற்குச் சான்றாகும் என்பதையும், அதற்காக என் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்பதையும் அறிந்தே இதில் ஒப்பமிடுகிறேன். எந்த விசாரணைக்கும், அழைத்த நேரத்தில் வருவேன். எனக்குத் தண்டனை உண்டென்றால் ஏற்கிறேன். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ள அனுமதியுங்கள்: யாருக்கும் பாடமாக என்னைத் தண்டிக்க வேண்டாம். நான் செய்தது எவ்வளவோ, அவ்வளவுக்கு மட்டும் தண்டியுங்கள்.

இணைப்பு: என் பழைய வாக்குமூலத்தின் நகல், கடை மாடிச் சன்னலிலிருந்து பேருந்து நிறுத்தம் தெரிவதைக் காட்டும் புகைப்படம்.

நாள்: கலவரம் நடந்து எட்டாம் மாதம், திங்கட்கிழமை
இடம்: கடை மாடி

இப்படிக்கு,
(ஒப்பம்)
நான்காம் சாட்சி

மேலே எழுதியிருப்பதை முழுவதும் படித்துப் பார்த்தேன், உண்மை.
(இடது கைப் பெருவிரல் ரேகை)
சாட்சியின் கணவர்