பாதாமுக்கு ஞாபகம் கிடையாது

அன்புள்ள அம்மாவுக்கு, ராக்னா வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்தான்; தீவில் காற்றுதான் ஓயவில்லை.

கிறிஸ்துமஸ் பால்சோற்றில் ஒற்றைப் பாதாமைப் போட்டு, ஏழு கிண்ணத்தில் ஊற்றினார்கள். எங்கள் வானிலை நிலையத்தில் பாதாம் கிடைப்பவருக்கே முதல் விடுப்பு. இரண்டு வருஷமாக அது எனக்கே கிடைத்ததால், சமையல்காரர் ஒட்வார் கரண்டியை நீட்டி மறித்தார்.

“ரெண்டு தடவையும் உனக்கேவா? நாப்பத்தொன்பதுல ஒரு வாய்ப்பும்மா அது! ஏதோ தில்லுமுல்லு. இந்தத் தடவை ஒதுங்கிக்கோ.”

விடுவேனா? “ஏழு பேர்ல யாரோ ஒருத்தருக்கே ரெண்டு தடவையும் வர்றது ஏழுல ஒரு வாய்ப்பு. இன்னைக்கு உங்களுக்குக் கிடைக்கிறதும் அதே ஏழுல ஒண்ணுதான். அதுவும் தில்லுமுல்லா? போன வருஷம் யார்கிட்ட போனோம்னு பாதாமுக்கு ஞாபகமா இருக்கும்? குடுங்க என் கிண்ணத்தை!”

கொடுத்தார். பாதாம் அவருக்கே கிடைத்தது. கைதட்டினேன், கொஞ்சம் பலமாகவே.

ஆகவே எனக்கு விடுப்பு மார்ச்சில்தான். இந்தக் கடிதம் கொண்டுவரும் படகு இங்கே திரும்பும்போது கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி கொடுத்தனுப்பு. இடமிருந்தால் உன் பழைய ஸ்வெட்டரும். துவைக்க வேண்டாம்.

அம்மா, இன்னொரு கணக்கும் போட்டேன். நம் வீட்டில் நாம் இரண்டே பேர். என் சின்ன வயதில் பத்து கிறிஸ்துமஸிலும் பாதாம் என் கிண்ணத்தில்தான் இருந்தது. ஆயிரத்து இருபத்து நாலில் ஒரு வாய்ப்பு! தில்லுமுல்லுக்காரி நீதான்.

விடுப்பில் கிளம்பும் ஒட்வார் இந்தக் கடிதத்துக்காகப் படகிலிருந்து கத்துகிறார். மார்ச்சில் பால்சோறு செய்வோம். நான்தான் பரிமாறுவேன்.

உன் ராக்னா