வெள்ளையின் மேல் வெள்ளை

அன்பு மகள் பாப்பாவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. அம்மா உடம்புக்கு ஒன்றுமில்லை. என் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. கடிதம் வீட்டுக்கு வராமல் நீ வேலை பார்க்கும் நூலகத்துக்கு ஏன் வந்தது என்று யோசிப்பாய். படித்தால் புரியும்.

வீட்டுக்கு வண்ணமடிக்க அலமாரியை ஒழித்தோம். என் பழைய அகராதிக்கு அடியில், இருபத்தாறு வருடத்துக்கு முன் நீ கொடுத்த கம்ப்யூட்டர் பிளாப்பித் தட்டு இருந்தது. நான் பிழை திருத்திய அச்சகத்திலேயே நீயும் கம்ப்யூட்டரில் விளம்பரப் படம் வரைந்துகொண்டிருந்தாய். உன் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு என்னை உட்காரவைத்து, நீ வரைந்த நம் வீட்டைத் திரையில் காட்டினாய். மஞ்சள் சுவர், பச்சைக் கதவு, வாசலில் நான், மேலே பாதித் திரைக்கு வெறும் வெள்ளை. வானம் காலியாகக் கிடக்கிறதே, நாலு பறவையாவது போடக்கூடாதா என்றேன். "நல்லா பாருங்கப்பா" என்றாய். பார்த்துவிட்டு, பறவை இல்லைதான் என்றேன். பிளாப்பியைக் கையில் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னாய். அதை மட்டும் ஒழுங்காகச் செய்திருக்கிறேன்.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பெண்ணிடம் கொண்டுபோனோம். பி.சி.எக்ஸ் என்று முடியும் பழைய படக்கோப்புகளை இப்போது யாரும் சீண்டுவதில்லையாம். இரண்டு நாள் மல்லுக்கட்டித் திறந்தாள். படம் வந்தது, நிறம் வரவில்லை. சுவர் ஊதா, என் முகம் கிளிப்பச்சை. இதில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண்தான் இருக்குமாம். எந்த எண் என்ன நிறம் என்ற பட்டியல் கோப்பின் கடைசியில் இருக்குமாம். பூஞ்சை பிடித்து அந்தக் கடைசித் துண்டு போய்விட்டதால், கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு நிறம் போட்டுவிட்டது. என் பச்சை மூஞ்சியைப் பார்த்து அம்மா சிரித்தாள். அப்போது அந்தப் பெண், "சார், மேல ஏதோ எழுதியிருக்கு" என்றாள்.

கறுத்த வானத்தில் சிவப்பு எழுத்து, உன் கையெழுத்து. "அப்பா, துணி எடுக்கப் போனப்ப அவர் என் கையை முறுக்கிட்டார். பயமா இருக்கு. கல்யாணத்தை நிறுத்துங்கப்பா."

வானத்துக்கு ஓர் எண், எழுத்துக்கு வேறோர் எண் வைத்து, இரண்டுக்கும் ஒரே வெள்ளையைக் கொடுத்து, வெள்ளையின் மேல் வெள்ளையால் எழுதியிருக்கிறாய். வாயால் சொல்ல நான் எங்கே விட்டேன்? அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது, இனி யாரும் மூச்சு விடக்கூடாது என்று அந்த வாரம் முழுக்கக் கத்தியவன் நான்தானே. அழைப்பிதழில் ஒரு பிழை இல்லை என்று பெருமை வேறு.

அம்மா அழவில்லை. "அன்னைக்கே புள்ள முகம் சரியில்லன்னு சொன்னேன். எல்லாப் பொண்ணும் அப்படித்தான் இருக்கும்னீங்க" என்றாள். மூன்று நாளாகப் பேச்சில்லை. தேநீரை மட்டும் ணங்கென்று வைத்துவிட்டுப் போகிறாள்.

போனில் நீ எப்போதும் நன்றாக இருப்பதாகத்தான் சொல்கிறாய். மாப்பிள்ளை குரல் கேட்டதும் பாதியில் வைத்துவிடுகிறாய். போன தடவை வந்தபோது அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. நூலகத்தில் ஏசி, பழகிவிட்டது என்றாய். நம்பினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது பாப்பா.

நிறத்தைச் சரிசெய்து தரட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். சரிசெய்தால் எழுத்து மறைந்துவிடும். வேண்டாம் என்று சொல்லி, அப்படியே அச்செடுத்து வாங்கி வந்தேன்.

உன் அறைக்குத்தான் முதலில் வண்ணமடித்தோம். வாசல் சாவி ஒன்று இதோடு இருக்கிறது. வருவதற்கு யாரையும் கேட்க வேண்டாம், என்னையும் கேட்க வேண்டாம். தனியாகக் கிளம்ப முடியாது என்றால் ஒரு வரி எழுது, நான் வருகிறேன். எழுதவும் முடியாவிட்டால் ஒரு வெள்ளைத்தாளை மடித்து அனுப்பு. அன்றைக்கே புறப்பட்டுவிடுவேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அப்பா