உட்காரச் சொல்லும் முன்

மார்ச் 5, சனி

லுங்கெலோ முதல்முறையாக வீட்டுக்கு வந்தான். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சம்மதிக்காமல் கல்யாணம் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். சரி, வா என்றேன். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, காபியும் ரஸ்க்குமாகக் காத்திருந்தார்.

உள்ளே வந்தவன் யாரும் சொல்லுமுன்பே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். போகும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்பில் நாற்பது பிள்ளைகளைச் சிரிக்கவைக்கிற வாத்தியார்! என்ன ஆச்சு இவனுக்கு?

"எழுந்து கை குடுக்கத் தெரியல. முகத்தப் பாத்துப் பேசத் தெரியல. எதை மறைக்கிறான் உன் ஆளு?" என்றார் அப்பா.

"அவன் கறுப்பன், நாம வெள்ளைக்காரங்க, அதானே உங்களுக்குப் பிரச்சினை?" என்று கத்திவிட்டேன். அப்பா கோப்பைகளைக் கழுவப் போனார்.

மார்ச் 7

லுங்கெலோவுடனும் சண்டை. ஏன் இப்படி மானத்தை வாங்கினாய் என்று கேட்டேன். "நான் என்ன பண்ணேன்?" என்றான்.

மார்ச் 19

இம்பாலியில் அவன் அம்மா வீடு. மா தண்டிவே உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் அப்பா தலையில் குட்டிக் குட்டிச் சொல்லித்தந்தபடியே நடந்துகொண்டேன் — நிமிர்ந்து நின்றேன், சொல்லாமல் உட்காரவில்லை, கண்ணைப் பார்த்தே பேசினேன். அவர் தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனவர்தான், திரும்பி வரவேயில்லை.

காரில் லுங்கெலோ சொன்னான்: "அந்த வெள்ளக்காரப் பொண்ணு ஏன் என் தலைக்கு மேல நின்னு மொறைக்குதுன்னு அம்மா கேக்குறாங்க."

"மொறைக்கலடா! மரியாதை அது!"

"எங்க ஜூலு வீட்ல பெரியவங்க முன்னாடி சட்டுனு உட்காந்துரணும், மார்லீஸ். கண்ணப் பாத்தா திமிரு."

அப்போ அன்னிக்கு எங்க வீட்ல அவன்... ஐயோ. அவனை என்னென்ன பேசிட்டேன்! காரிலேயே அழுதேன். தலையைத் தடவிக் கொடுத்தான், பாவி.

மார்ச் 20

அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். "ஓ" என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 16

இன்று அப்பா இம்பாலிக்கு வந்தார்! அதே வெள்ளைச் சட்டை. வாசலைத் தாண்டியதும், யாரும் சொல்லுமுன்பே தொப்பென்று உட்கார்ந்து தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மா தண்டிவேயோ விறைப்பாக எழுந்து நின்று, கையை நீட்டி, அப்பாவின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே லுங்கெலோ பாடம் எடுத்திருக்கிறான். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"அப்பா, கை நீட்டுறாங்க, பாருங்க!"

"பாக்கக் கூடாதுன்னு நீதானம்மா சொன்ன?" என்றார், குனிந்த தலை நிமிராமல்.

மா தண்டிவேக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் கையைத் தானே எடுத்துக்கொண்டார். "பாருங்க, பரவால்ல. சம்பந்தி ஆகப்போறோம்."

அப்பா பார்த்தார். செப்டம்பரில் கல்யாணம். நானும் லுங்கெலோவும் நின்றுகொண்டே இருந்தோம், எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை.