தோலான் ஒடித்த கை

ஜூலை 7, 2025
ஷூ கம்பெனியில் புது பூட் மாடலுக்கு அட்டையில் பேட்டர்ன் வெட்டினேன். வீட்டுக்கு வந்து என் காமிக்ஸ் ஹீரோ தோலானின் புது இதழை வரைந்து முடித்தேன். தோல் முகமூடி, கையில் சுத்தியல். போலீஸ் விட்டாலும் தோலான் விடமாட்டான். இந்த முறை மாட்டுகிறவன் குடித்துவிட்டு பைக் ஓட்டி ஒருவனைக் கொன்றவன், ஜாமீனில் வந்திருப்பவன். அவனுடைய வலது கை விரல்களை ஒவ்வொன்றாக உடைக்கிறான் தோலான்.

முகத்துக்கு கௌதமின் முகத்தையே போட்டேன். மார்ச்சில் என் தம்பி தானியேலை பைக் ஏற்றிக் கொன்றவன். கோபத்தில் வரையவில்லை. கை வரைந்தது. பிறகு சோறு சாப்பிட்டேன்.

ஜூலை 11
இதழ் காமிக்ஸ் ஆப்பில் வந்துவிட்டது. சென்னையிலிருந்து எடிட்டர் போன். "செம ரெஸ்பான்ஸ் பிரிசில்லா! அடுத்ததுல கால உடைச்சிடலாம்."

சரி என்றேன்.

'வேந்தன்' என்ற பெயரில் வரைவது நான்தான் என்று அவருக்கும் சித்தப்பா மகன் இருதயராஜுக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

ஜூலை 12
ஒன்றுமில்லை. மழை.

ஜூலை 19
ஆம்பூர் பைபாஸ் பக்கம் கௌதமை மடக்கி வலது கையை உடைத்திருக்கிறார்கள். முகமூடி. சுத்தியல். விரல் விரலாக.

கேள்விப்பட்டபோது அட்டையில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கோடு நேராகத்தான் வந்தது. சந்தோஷமா? இல்லை. பயமா? அதுவும் இல்லை.

ஜூலை 21
லஞ்சில் பாக்யலட்சுமி என் முன்னால் வந்து நின்றாள். ஸ்டிச்சிங் செக்‌ஷனில் இருக்கிறாள், கௌதமின் அக்கா. தானியேல் போனதிலிருந்து என்னைக் கண்டாலே தலை குனிந்து போய்விடுவாள்.

"அவன் பண்ணது தப்புதான்க்கா. ஜெயிலுக்குப் போகட்டும்னு நானே சொன்னேன். இப்போ நான்தான் சோறு ஊட்டறேன். உங்களுக்கு நிம்மதியா இருக்கா?"

குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தெரில பாக்யா. அந்தத் தோலான் படம் வரையறது நான்தான்."

என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். போய்விட்டாள்.

ஜூலை 22
வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு இருதயராஜ் உள்ளே வந்தான்.

"நீ படத்துல செஞ்சக்கா. நான் நெஜமா செஞ்சிட்டேன். தானியேலு எனக்கு தம்பி மட்டுமா, தோஸ்துக்கா."

நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வேன் என்று நின்றான்.

"கத்தினானா?" — ஏன் இதைக் கேட்டேன்?

"அம்மான்னு கத்தினான். அப்பறம் தானியேலு பேரச் சொல்லி, மன்னிச்சிரு மன்னிச்சிருன்னான்."

நான் வரைந்ததில் அவன் எதுவும் பேசவில்லை. அவனுக்கு ஒரு வசனம்கூட எழுதவில்லை நான்.

ஜூலை 24
ஸ்டேஷனுக்குப் போனேன். படத்தைப் பற்றிச் சொன்னேன். இருதயராஜைப் பற்றிச் சொன்னேன். "யோசிச்சுதான் சொல்றியாம்மா?" என்றார் எஸ்.ஐ. தலையாட்டினேன். யோசிக்கவில்லை.

மாலையில் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "உன் தம்பிக்காக நின்னது அவன் ஒருத்தன்தான்டி. அவனயும் புடிச்சுக் குடுத்துட்டு வந்திருக்கியே. நீ இன்னா மனுஷியா, கல்லா?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 9
தோலானை இப்போது வேறு யாரோ வரைகிறார்கள். இந்த வாரம் ஒருவனுக்குக் கால் போயிற்றாம். பார்க்கவில்லை.

அம்மா பேசுவதில்லை. இருதயராஜுக்கு இன்னும் ஜாமீன் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 16
திருப்பத்தூர் கோர்ட்டில் தானியேல் கேஸ். கௌதம் வந்திருந்தான். கையெழுத்துப் போட முடியவில்லை. இடது பெருவிரலை உருட்டினான். பாக்யலட்சுமி முந்தானையால் மையைத் துடைத்துவிட்டாள். வலது கை விரல்கள் கட்டுக்கு வெளியே ஊதித் தெரிந்தன. நான் வரைந்த மாதிரி இல்லை.

அம்மா தனியாக வந்திருந்தார். திரும்பும்போது அதே பஸ். எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். கண்டக்டர் வந்ததும், பின்னால் திரும்பிப் பார்க்காமலே, "ஆம்பூர் ரெண்டு" என்றார்.

துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டேன். வாணியம்பாடி தாண்டியும் அழுகை நிற்கவில்லை.