ரயில் ரத்தான அன்று

நங்கையா,

குன்னூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ஊட்டியிலிருந்து வந்த டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, கீழே இறங்குவதற்கான நீராவி எஞ்சினை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதன் எண்ணெய்ப் புகை மூக்கில் ஏறுகிறது. வந்ததிலிருந்து இரண்டு முறை கழிப்பறைக்குப் போய்வந்தாயிற்று. சிரிக்காதீர்கள்.

நாளை கோயமுத்தூரில் உங்களுக்கு வருஷத் திதி. உங்கள் மகன்தான் டிக்கெட் எடுத்து அனுப்பினான். "அத்தே, இந்தத் தடவையாச்சும் வந்துருங்க" என்றான். பையன் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

என் அண்ணன் உங்களைக் கட்டிக் கூட்டிவந்த நாளிலிருந்து நான் உங்களை நங்கையா என்பேன், நீங்கள் என்னை அம்மிணி என்பீர்கள். ஊரே அலைந்து வந்து ஏறுகிற இந்த ரயிலில் நாம் இருவரும் ஒருநாளும் ஏறியதில்லை. "நம்மூட்டுக் கொல்லையில ஓடறதுக்கு டிக்கெட்டு வேறயா?" என்று கேலி செய்வீர்கள். எங்கே போவதானாலும் நமக்கு பஸ்தான்.

அந்த பஸ்ஸும் எனக்கு இல்லாமல் போனது மேட்டுப்பாளையம் மலை ரோட்டில் பர்லியாறு பக்கம் மண் சரிந்த அன்று. நினைவிருக்கிறதா? நம் கண்முன்னால் ஒரு பெரிய மரம், நின்ற நிலையிலேயே, ரோட்டோடு சேர்ந்து பள்ளத்துக்குள் இறங்கியது. டிரைவர் பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்க எடுக்க, சக்கரத்துக்கு அடியில் கல் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என் தலையை உங்கள் மடியில் அமுக்கிக்கொண்டீர்கள். "பாக்காதே அம்மிணி, பாக்காதே." அதற்குப் பிறகு நான் நம்மூருக்கு அடுத்த காட்டேரி ஊரைத் தாண்டிக் கீழே இறங்கியதே இல்லை. மழைச் சத்தம் கேட்டாலே இன்றும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

போன வருஷம் உங்களைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, என்னை எப்படியாவது கீழே வரவழைக்க நீங்கள்தான் இந்த ரயிலைக் கண்டுபிடித்தீர்கள். மூச்சு வாங்க வாங்க போனில் திட்டம் போட்டீர்கள். "பேனா எடு, எழுதிக்கோ. எஞ்சினு கீழ்ப்பக்கமா நின்னு தாங்கிக்கும். நடுவுல பல்லுத் தண்டவாளம் இருக்குது, கவ்விப் புடிச்சுட்டுத்தான் எறங்கும். பொட்டிக்கு ஒருத்தரு பிரேக்கு புடிக்க நிப்பாரு. பாலம் வந்தா எதுத்தாப்பல இருக்கறவங்க மூஞ்சியப் பாரு. ஹில்குரோவுல நிறுத்துவாங்க, கையில திங்கறது வெச்சிருக்காதே, கொரங்கு புடுங்கிரும்." காலண்டர் தாளின் பின்பக்கம் முழுக்க எழுதினேன். நோயாளி நீங்கள், தைரியம் சொன்னதும் நீங்கள்.

கிளம்ப வேண்டிய நாள் காலையில் பாதையில் மண் விழுந்து ரயில் ரத்து என்றார்கள். நங்கையா, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்கு வருத்தம் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. கட்டிய சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, டீ போட்டுக் குடித்தேன். அதற்கப்புறம்தான் உங்களுக்கு போன் செய்தேன்.

"ரயிலு ரத்தாயிருச்சுங்க, நங்கையா."

 நாற்பது வருஷத்தில் ஒருமுறைகூட உங்கள் வாயிலிருந்து கேட்காததைச் சொன்னீர்கள். "எனக்குப் பயமா இருக்குது அம்மிணி. நீ பக்கத்துல இருந்தாத் தேவலைன்னு பாத்தேன்."

"மழை விட்டதும் வந்தர்றனுங்க" என்றேன்.

மூன்றாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் சாவு எடுப்புக்கும் நான் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அதை எல்லோரும் நம்பினார்கள்.

இன்று மழை இல்லை. விடிந்ததும் வாசலுக்குப் போய், ஒரு மேகமாவது தெரியாதா என்று வானத்தைப் பார்த்தேன். இத்தனைக்குப் பிறகும் எனக்குப் புத்தி அப்படித்தான் போகிறது. பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். எதிரே சென்னைக் குடும்பம் ஒன்று செல்போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. தாளை மடியில் வைத்து எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ரயில்தான் ரத்து. பர்லியாறு பக்கமே போகாமல், கோத்தகிரி வழியாக பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நம் வீட்டு ஜன்னலுக்குக் கீழேதான் பஸ் ஸ்டாண்டு. கண்டக்டர் "மேட்டுப்பாளையம், மேட்டுப்பாளையம்" என்று கூவியது போனில் உங்களுக்கும் கேட்டிருக்கும்.

கேட்டும், ஏன் அதில் ஏறி வரவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. "செரி, பத்தரமா இரு" என்று சொல்லித்தான் போனை வைத்தீர்கள்.

ஒரு வருஷமாகப் பத்திரமாகத்தான் இருந்தேன், நங்கையா. கார்டு விசில் ஊதிவிட்டார். வருகிறேன்.